ஆறிலிருந்து ஏழு வரை

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பதினெட்டு வருடமாக வீடு வீடாகப் போய் இன்டர்நெட்டுக்கு வயர் இழுக்கிறவள் நான். எங்கள் பக்கத்தில் எல்லோரும் வயர்க்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பரணில் ஊர்ந்திருக்கிறேன், எலி குடியிருந்த குழாய்க்குள் கையை விட்டிருக்கிறேன், ஆளில்லாத வீடுகளில் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். "இந்த வீட்ல ஏதோ இருக்குங்க" என்று யாராவது இழுத்தால், "ஆமா, லூஸ் கனெக்‌ஷன் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏணியை விரிப்பேன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு, இவள் எப்போதுமே பயந்தாங்கொள்ளி போலிருக்கிறது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

அந்த வீட்டுக்குப் போனது பட்டப்பகலில். மணி பதினொன்றரை. மேகம் மூடியிருந்தது, மழை இல்லை. தெருக்கோடியில் ஒல்லியான மாடி வீடு. கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து முப்பத்தாறு வயது இருக்கும். முடியை இழுத்துக் கட்டி ஹேர்பின் குத்தியிருந்தாள், கையில் பேனா. கூடத்து மேசையில் ஒரு புது லேப்டாப், அதன் பக்கத்தில் விரல் நீளத்துக்கு மூன்று வைஃபை கார்டுகள் வரிசையாக இருந்தன.

"மூணு பேர் வந்து பார்த்தாச்சு. லேப்டாப்புல இருக்கற நெட்வொர்க் கார்டு இந்த வீட்டு ரவுட்டரோட சேரலைன்னு சொல்லி, ஆளுக்கு ஒண்ணு வாங்கி மாட்டினாங்க. எதுவும் சேரலை."

"நாலு பொண்ணு பார்த்தும் மாப்பிள்ளைக்குப் பிடிக்கலைன்னா, கோளாறு மாப்பிள்ளைகிட்டதான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "மூணு மணிக்கு எனக்குப் பரீட்சை. உங்களை அக்கான்னு கூப்பிடலாமா?"

அன்று முழுக்க அவள் எனக்குத் தங்கச்சிதான்.

தங்கச்சி ஒரு ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்தவள். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டாள். ஒன்பது வருடம். எட்டு மாதத்துக்கு முன் கணவன் மாரடைப்பில் போய்விட்டான். திரும்ப வேலைக்குப் போக வேண்டுமென்றால் மருந்தாளர் வாரியம் வீடியோவில் நடத்தும் வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். பதிவு செய்த வீட்டு இணைப்பிலிருந்துதான் கலந்துகொள்ள வேண்டும் என்பது விதி. மூன்று வாய்ப்பு கொடுப்பார்கள். முதல் தடவை பழைய லேப்டாப்பில் உட்கார்ந்தாள், மூன்று மணிக்கு இணைப்பே வரவில்லை. இரண்டாம் தடவைக்குப் புது லேப்டாப் வாங்கினாள், அதை ரவுட்டர் உள்ளேயே விடவில்லை.

"இன்னைக்குக் கடைசி, அக்கா. இதுவும் போச்சுன்னா என் பதிவே ரத்தாயிடும். அப்புறம் நான் மருந்தாளரே கிடையாது."

"பழைய லேப்டாப்புல எப்பவாவது வந்ததா?"

"தினமும் சாயங்காலம் ஆறுலேருந்து ஏழு வரைக்கும் வரும். இந்த ஏரியாவுல லைன் அவ்வளவு நேரம்தான் வரும்னு அவர் சொல்லுவார். இப்ப அந்த லேப்டாப்பும் செத்துப்போச்சு."

ஊரில் எந்த ஏரியாவில் இன்டர்நெட் ஒரு மணி நேரம் மட்டும் வருகிறது? நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

வேலையை ஆரம்பித்தேன். என் பையில் சின்னதாக ஒரு ரவுட்டர் எப்போதும் இருக்கும். அதைப் போட்டுப் பார்த்தால் லேப்டாப் உடனே சேர்ந்தது. வாங்கி வைத்த மூன்று கார்டும் சேர்ந்தன. கார்டில் குற்றமில்லை. வீட்டு ரவுட்டரோடு சேர்க்கும்போது மட்டும் கேட்ட மறு நொடியே மறுப்பு வந்தது. பொருந்தாத கார்டு தடுமாறும், பாதி சேரும், அறுந்து போகும். இங்கே தடுமாற்றமே இல்லை. யாரோ வாசலில் ஆள் பார்த்து விடுகிற மாதிரி இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே பன்னிரண்டு எழுத்தில் ஒரு எண் கொடுத்துவிடுவார்கள். இந்த எண்களை மட்டும் விடு, மற்றதை விரட்டு என்று ரவுட்டரில் பட்டியல் போடலாம். யாரோ போட்டிருக்கிறார்கள்.

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார்?"

"ஒரு கம்பெனியில நெட்வொர்க் பார்த்துக்கிட்டு இருந்தார்."

"ரவுட்டர் பாஸ்வேர்டு?"

"அவருக்குத்தான் தெரியும்."

ரவுட்டரை ரீசெட் செய்தால் பட்டியல் அழியும். கூடவே இணைப்புக் கம்பெனி கொடுத்த யூசர் நேமும் பாஸ்வேர்டும் அழியும். அதைத் திரும்ப வாங்க இணைப்பின் உரிமையாளர் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். உரிமையாளர் எட்டு மாதமாக எந்தக் கையெழுத்தும் போடுவதில்லை.

வீட்டுக்குள் போன் சிக்னல் ஒரு கோடுகூட ஏறவில்லை. தெருவுக்கு வந்து எங்கள் கடை முதலாளி டப்பா அண்ணனைக் கூப்பிட்டேன். பழைய கார்டுகளை பிஸ்கட் டப்பாவில் போட்டு அடுக்கி வைத்திருப்பார், அதனால் அந்தப் பெயர்.

"அந்த வீட்ல ஏற்கெனவே ஓடின கார்டு ஏதாவது கிடக்குதா பாரு. அதோட நம்பரை எடுத்துப் புது லேப்டாப்புக்குப் போட்டுடு. ரவுட்டர் பழைய ஆள்னு நினைச்சு விட்டுடும். நாம எப்பவும் பண்றதுதானே."

"சரிண்ணே."

"ஆனா ஒண்ணு. ஒரே நம்பர்ல ரெண்டு பேர் ஒரு வீட்ல ஓடக் கூடாது. அடிச்சுக்குவாங்க. பழையது செத்துப்போச்சான்னு நல்லாப் பார்த்துக்கோ."

இருபது தடவை கேட்ட பாடம். சரி சரி என்று வைத்துவிட்டேன்.

தங்கச்சியின் கணவன் அறை மாடியில். ரவுட்டரும் அங்கேதான். தங்கச்சி சாவியோடு முன்னால் ஏறினாள், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். மரக் கைப்பிடி போட்ட படி. கதவைத் திறந்ததும் தலைவலித் தைலத்தின் நெடி மூக்கில் ஏறியது. எட்டு மாதம் பூட்டிக் கிடந்த அறையில் அவ்வளவு புதிதாக அது வீசியது எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே ஒரே இருட்டு. திரையில் வெளிச்சம் அடிக்கக் கூடாது என்று ஜன்னல் முழுக்க அட்டை ஒட்டி வைத்திருந்தான். மூலையில் ரவுட்டரின் பச்சை விளக்குகள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன.

"லைட்டு?"

"பல்பு ஃபியூஸ். மாத்தறதுக்கு நான் மேல வரவே இல்லை."

டார்ச் அடித்து மேசை இழுப்பறையைத் திறந்தேன். பிளாஸ்டிக் உறையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழைய நெட்வொர்க் கார்டு இருந்தது. உறைமேல் குண்டு எழுத்தில், 'என்னுடையது'.

"அவர் கம்ப்யூட்டர்ல இருந்தது. கம்ப்யூட்டரை அவர் தம்பி எடுத்துட்டுப் போனார். இந்தக் கார்டு மட்டும் அவங்க வீட்ல எதுக்கும் சேரலைன்னு கொண்டுவந்து போட்டுட்டார்."

கம்ப்யூட்டர் இல்லை, கரண்ட் இல்லை, உறைக்குள் தூசி. இதைவிட நன்றாக ஒரு கார்டு சாக முடியாது. ஸ்டிக்கரில் இருந்த பன்னிரண்டு எழுத்தை லேப்டாப்பில் ஏற்றினேன்.

உடனே சேர்ந்தது.

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் தலைகால் புரியவில்லை. மணி இரண்டுதான் ஆகியிருந்தது.

அப்போதுதான் கீழே படிக்கட்டில் சத்தம் கேட்டது.

டொக். டொக்.

மரத்தில் எதையோ வைத்துத் தட்டுகிற மாதிரி, இரண்டே தட்டு. "மரம் விரியுது" என்றேன். அவள் அழுகை நின்றுவிட்டது.

ரவுட்டரின் உள்பக்கம் திறக்கிறதா என்று பார்த்தேன். திறந்தது. அவன் கார்டு வந்தால் பாஸ்வேர்டு கேட்காதபடி வைத்திருந்தான். அனுமதிப் பட்டியல் திரையில் வந்தது. மூன்றே வரி.

நான். முழு நேரமும்.

தம்பி. முழு நேரமும்.

அவள். ஆறிலிருந்து ஏழு வரை.

தங்கச்சி அந்த மூன்றாவது வரியை விரலால் தொட்டாள்.

"லைன் வராதுன்னு சொன்னாரு, அக்கா. ஒன்பது வருஷம். எங்கம்மா முடியாம இருந்தப்போ வீடியோவுல பார்க்கணும்னு அந்த ஒரு மணி நேரத்துக்காக உட்கார்ந்திருப்பேன். அவங்க போனது மத்தியானம் மூணு மணிக்கு."

எனக்கு ரத்தம் கொதித்தது. செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவள் பெயரைக்கூட எழுத மனம் வராத அற்பன்.

டொக். டொக்.

இந்த முறை சத்தம் பாதிப் படியில் இருந்தது.

"அவர் மோதிரம்" என்றாள் தங்கச்சி மெதுவாக. "நான் கீழ அப்ப இருந்த லேண்ட்லைன்ல யார்கிட்டயாவது ரொம்ப நேரம் பேசினா, படிக்கட்டுல நின்னு ரெண்டு தட்டு தட்டுவார். நான் வெச்சிடணும்."

எட்டிப் பார்த்தேன். படியில் யாரும் இல்லை. திரும்பி வந்தபோது திரையில் ஒரு செய்தி இருந்தது.

'இதே எண்ணில் இன்னொரு கருவி இணைப்பில் உள்ளது.'

இணைப்பு அறுந்தது.

இன்னொரு கருவி எது? உறையை மேசையிலிருந்து எடுத்தேன். கார்டு ஜில்லென்றிருந்தது. எந்த வயரும் இல்லாமல், எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லாமல், என் உள்ளங்கையில் அதன் சின்னப் பச்சை விளக்கு கண் சிமிட்டியது.

அதை மேசைமேல் போட்டேன்.

என் தப்பு எனக்கு அப்போது உறைத்தது. நான் பழைய எண்ணை இரவல் வாங்கவில்லை. அவன் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டு, கதவையும் திறந்து விட்டிருக்கிறேன்.

பட்டியல் பக்கம் இன்னும் திரையில் இருந்தது. நாங்கள் யாரும் எதையும் தொடவில்லை. 'அவள்' என்ற வரியில் ஏழு என்பது அழிந்தது. பிறகு ஆறும் அழிந்தது. கடைசியில் அந்த வரியே போனது.

பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக் கார்டைப் பிடித்து இரண்டாக ஒடித்தேன். இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. ஒடிந்த பாதியில் விளக்கு தொடர்ந்து சிமிட்டியது.

தைல நெடி அறை முழுக்கப் பரவியது.

டொக். டொக்.

கடைசிப் படி.

"தங்கச்சி, கீழ போயிடலாம் வா. வாரியத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சிப் பார்க்கலாம்." இதைச் சொன்னது நான்தான். பேயாவது பூதமாவது என்று பதினெட்டு வருடம் வாய் கிழியப் பேசினவள்.

மணி இரண்டு நாற்பது. அவள் அறை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி நேராக ஜன்னலுக்குப் போனாள். அட்டையின் ஓரத்தில் நகத்தை விட்டுப் பிடுங்கினாள். ஒரு துண்டு வந்தது. இன்னொரு துண்டு. பசை உரிகிற சத்தத்தோடு மொத்த அட்டையும் கீழே விழுந்து, பகல் வெளிச்சம் அறைக்குள் வந்தது.

"எங்கயும் போக மாட்டேன்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, வாசலைப் பார்த்துச் சொன்னாள். "ஒன்பது வருஷம் நீங்க தட்டினப்போல்லாம் வெச்சேன். இன்னைக்கு வெக்க மாட்டேன். எவ்வளவு வேணா தட்டிக்கோங்க."

தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி நிமிர்த்தினாள். "ரீசெட் எங்க பண்ணணும், அக்கா?"

"ஏய், பண்ணிட்டா இணைப்பே போயிடும். யூசர் நேமும் பாஸ்வேர்டும் இல்லாம தலைகீழா நின்னாலும் திரும்ப வராது."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ரெண்டும். லைன் போச்சுன்னா அவர் இணைப்புக் கம்பெனிக்குப் போன் பண்ணி எழுத்தெழுத்தாக் கத்துவார். எனக்கு எதுவும் புரியாதுன்னு நினைச்சு என் முன்னாடியேதான் கத்துவார். நானூறு மருந்து, அதோட அளவு எல்லாம் மனப்பாடமா வெச்சிருக்கறவளுக்கு இந்த ரெண்டு வரியா மறந்துடும்?"

ரவுட்டரின் பின்புறம் இருந்த சின்ன ஓட்டையைக் காட்டினேன். பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பின்னை நுழைத்தாள். நான் எண்ண ஆரம்பித்தேன்.

ஒன்று. இரண்டு.

அறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

மூன்று. நான்கு.

தட்டும் சத்தம் மேசைமேல் கேட்டது, அவள் கையிலிருந்து ஒரு சாண் தள்ளி. இரண்டிரண்டாக இல்லை, நிற்காமல் தட்டியது. மரத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பள்ளங்கள் விழுவதை என் கண்ணால் பார்த்தேன்.

ஐந்து. ஆறு.

அவள் மணிக்கட்டில் நான்கு விரல் பதிகிற மாதிரித் தோல் உள்ளே அமுங்கியது. பல்லைக் கடித்தாள், பின்னை விடவில்லை. நான் பாய்ந்து என் கையையும் அவள் கைமேல் வைத்து அழுத்தினேன். எனக்கும் அவளுக்கும் நடுவே ஏதோ ஒன்று ஐஸ் மாதிரி இருந்தது.

"எண்ணுங்க அக்கா" என்றாள் தங்கச்சி.

ஏழு. எட்டு. ஒன்பது.

பத்து.

ரவுட்டரின் விளக்குகள் மொத்தமாக அணைந்தன. தட்டுவது நின்றது. என் காதில் என் மூச்சு மட்டும் கேட்டது.

விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு யூசர் நேமைச் சொன்னாள், பிறகு பாஸ்வேர்டை. நான் அடித்தேன். ஒரு எழுத்துகூடத் தவறில்லை. கடைசி விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. லேப்டாப்புக்கு அதன் சொந்த எண்ணையே திரும்பக் கொடுத்தேன். ரவுட்டர் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டது. இனி யார் புதிதாக வந்தாலும் அவளைக் கேட்டுத்தான் விட வேண்டும் என்று அதில் அமைத்தேன். பட்டியலில் முதல் வரிக்குப் பெயர் கேட்டது. அவள் தன் பெயரை இனிஷியலோடு முழுதாக அடித்தாள்.

மணி இரண்டு ஐம்பத்தேழு.

"கீழ போய் உட்கார்றியா?"

"இங்கதான்." அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மணிக்கட்டில் நான்கு சிவப்புத் தடம் இருந்தது. சட்டைக் கையை இழுத்து மறைத்துக்கொண்டாள்.

நான் கதவைத் திறந்துகொண்டு போய், கேமராவில் தெரியாதபடி வெளியே படியில் உட்கார்ந்தேன். கையில் கட்டிங் பிளேயர். அதை வைத்து என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எந்த வலி மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, ஏன் என்றார்கள். தங்கச்சி நிறுத்தாமல் சொன்னாள். குழந்தைக்கு எடையை வைத்து அளவு எப்படி என்றார்கள். அதையும் சொன்னாள். நான்காவது கேள்வியின் நடுவே, உள்ளே அவள் மேசையில், மிக அருகில் அது கேட்டது.

டொக். டொக்.

"அங்க யாராவது இருக்காங்களாம்மா? தனியா இருந்துதான் பதில் சொல்லணும்" என்றார் ஒருவர்.

நான் கட்டிங் பிளேயரோடு எழுந்துவிட்டேன்.

"யாரும் இல்லைங்க, நான் மட்டும்தான். நீங்க அடுத்த கேள்வியைக் கேளுங்க" என்றாள் தங்கச்சி. குரலில் சின்னப் பிசிறுகூட இல்லை. அதன் பிறகு அன்று அது தட்டவில்லை.

தேறிவிட்டாள். இப்போது ஆஸ்பத்திரியில் பகல் வேலை. அந்த மாடி அறையில்தான் உட்கார்ந்து படிக்கிறாள், ஜன்னலுக்குத் திரைகூடப் போடவில்லை என்று சொன்னாள். ஒடித்த கார்டை நான் கடைக்குக் கொண்டுவந்து, டப்பா அண்ணனின் காலி பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு மூடி, மேல் தட்டில் வைத்துவிட்டேன். குப்பையில் போட மனம் வரவில்லை. வேறு யாராவது எடுத்து மாட்டிவிட்டால்?

போன வாரம் தங்கச்சி போன் செய்தாள்.

"அக்கா, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ரவுட்டர்லேருந்து ஒரு செய்தி வருது. புதுக் கருவி ஒண்ணு உள்ள வர அனுமதி கேக்குதுன்னு. அதே பன்னெண்டு எழுத்து."

"எவ்வளவு நேரம்?"

"ஏழு மணி வரைக்கும். நிமிஷத்துக்கு ஒரு தடவை கேக்குது."

"நாளைக்கு வந்து அந்த நம்பரை மொத்தமாத் தடுத்து விட்டுடறேன். உனக்குச் செய்தியே வராது."

"வேண்டாம், அக்கா" என்றாள். "வரட்டும். தினமும் கேக்கட்டும். தினமும் நானே முடியாதுன்னு அழுத்தறேன்."

போனை வைத்தேன். டப்பா அண்ணன் எதிரே உட்கார்ந்து ஸ்க்ரூ பொறுக்கிக்கொண்டிருந்தார். கடிகாரம் ஆறு அடித்தது. மேல் தட்டில், மூடிய டப்பாவின் விளிம்பிலிருந்து பச்சை வெளிச்சம் கசிந்து வந்து போனது. பிறகு தகரத்தில் உள்ளிருந்து தட்டியது, இரண்டு தட்டு. அண்ணன் கையிலிருந்த ஸ்க்ரூ எல்லாம் சிதறி விழுந்தன.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்லைண்ணே, ஒருத்தர் உள்ள வரணுமாம். ஏழு மணி வரைக்கும் கேட்டுக்கிட்டு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, குனிந்து ஸ்க்ரூக்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.